மெயின் சுவிட்சுக்கு அந்தப் பக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இராமகிருஷ்ணனின் பட்டறைக்குக் குணசேகரன்தான் பத்தொன்பது வருஷமாக ஒரே எலக்ட்ரீஷியன். லாரி பாடி கட்டும் பட்டறை அது. தொண்ணூற்றொன்றில் முதலாளி புதிதாக ஒரு வேலை பிடித்தார். குத்தம்பாக்கம் பக்கம் ஒருவர் பொழுதுபோக்குத் தோட்டம் போட்டு, உள்ளே பெரிய குளமும் வெட்டியிருந்தார். இருபது பேர் ஏறிச் சுற்றிவர அவருக்கு ஒரு பான்டூன் படகு வேண்டும். நீளமான இரண்டு இரும்பு உருளைகள், மேலே பலகைத் தளம், ஒரு கூரை, பின்னால் மோட்டார். உருளைக்குள் கசியும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ள, உருளைக்கு ஒன்றாக இரண்டு பம்ப். பம்போடு ஒரு மிதவை சுவிட்ச் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பிப் பம்ப் தானாக ஓடும், வடிந்தால் நின்றுவிடும்.

லாரியில் விளக்குக்கும் ஹாரனுக்கும் இழுப்பதைப் போல, பம்ப் வயரையும் மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான், அதை அணைத்தால் பம்பும் நிற்கும்படி, குணசேகரன் இழுத்தான். செலின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், டிப்ளமோ முடித்துச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"அண்ணே, இத மெயின் வழியா எடுக்கக் கூடாது. பேட்டரியிலேருந்து நேரா எடுக்கணும். பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒவ்வொரு பம்புக்கும் தனி பியூஸ்."

"இன்னாம்மா சொல்ற? மெயின் ஆஃப் பண்ணா எல்லாமே ஆஃப் ஆவணும். அதுக்குத்தான் மெயினு."

"சாயங்காலம் படகைக் கட்டிட்டு மெயினை அணைச்சிட்டுப் போயிடுவாங்க. ஆள் இல்லாதப்பதானே தண்ணி ஏறும்? அந்த நேரத்துல பம்ப் செத்துக் கிடந்தா எதுக்கு அது? கையால ஓட்டிப் பாக்கத் தனியா ஒரு சுவிட்ச் வைப்போம். அதை அணைச்சாலும் மிதவை வேலை செய்யணும்."

அவள் தணிந்த குரலில்தான் சொன்னாள். பின்னால் வந்து நின்ற இராமகிருஷ்ணன்தான் பட்டறைக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"குணா, நீ லாரிக்கு ஹெட்லைட் மாட்டுறவன். உனக்கு இது தெரியாது. தெரிஞ்ச பொண்ணு சொல்லுது, கையைக் கட்டிக்கினு கேட்டுக்கோ."

வெல்டர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்கள். தகடு தட்டும் டிங்கர் ஒருவன் அன்று மாலையே ஆரம்பித்துவிட்டான். "இன்னா மாமே, மெயின் ஆஃபா?" அதுவே பேராகிப் போனது. டீக்கடையில், கழிப்பறை வாசலில், சம்பள வரிசையில், எங்கே போனாலும் 'மெயின் மாமே.' குணசேகரன் டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்துப் பார்த்தான், ஒருவனைச் சட்டையைப் பிடித்தும் பார்த்தான். பேர் போகவில்லை. செலின் மட்டும் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. அதற்காகவும் அவள் மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

நவம்பரில் படகைக் குளத்தில் இறக்கினார்கள். இடது உருளையின் பின்பக்க வெல்டிங்கில் தண்ணீர் கசிந்தது. செலின்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"மழை முடியட்டும், தூக்கிப் பத்த வெச்சிக்கலாம். அதான் பம்ப் இருக்கில்ல?" என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை செலின் கடைசி சோதனை செய்தாள். மெயினை அணைத்துவிட்டு உருளையின் மூடியைத் திறந்து, கையை விட்டு மிதவையைத் தூக்கினாள். பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. வேலை முடிந்த தாளில் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தாள். அவர் அவளைத் தம் காரிலேயே பூந்தமல்லி வரைக்கும் ஏற்றிப் போனார். கூரை விளக்கு மாட்ட குணசேகரன் தங்கினான்.

விளக்கு வேலை அரை மணியில் முடிந்தது. பிறகு பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். பம்புகளுக்குப் போகும் இரண்டு சிவப்பு வயரையும் பேட்டரி முனையிலிருந்து கழற்றி மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் முடுக்கினான். ஐந்து நிமிஷ வேலை. மெயினை அணைத்தான். மூடியைத் திறந்து மிதவையைத் தூக்கிப் பார்த்தான். சத்தமே இல்லை.

கரையில் வாட்ச்மேன் வேம்புலி பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இன்னா அண்ணாத்தே, இன்னும் முடியலியா?"

"டெஸ்டிங்குப்பா."

படகு ஒரு பக்கம் கொஞ்சம் சாயும், அவள் தலைகுனிந்து நிற்பாள், அவ்வளவுதான் என்று பஸ்ஸில் தனக்குள் சொல்லிக்கொண்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விடவே இல்லை. ஞாயிறு மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டின் மேல் விழும் மழையைக் கேட்டபடி படுத்திருந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினான்.

திங்கள் காலை தோட்டத்திலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. முதலாளி செலினையும் குணசேகரனையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். படகு இடது பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. புது மோட்டார் தண்ணீருக்குள். கயிறு கட்டி இழுத்துக் கரையோரம் நிமிர்த்த மத்தியானம் ஆனது. செலின் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டே பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு வயர்களை விரலால் தடவிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

"சார், வயர் இடம் மாறியிருக்கு. நான் இங்க போடல."

"பின்ன பேய் வந்து போட்டுச்சா? தாள்ல யாரு கையெழுத்து?"

அவள் திரும்பிக் குணசேகரனைப் பார்த்தாள். "அண்ணே, நீங்கதானே கடைசியா இருந்தீங்க?"

"நான் லைட்டு மட்டும்தாம்மா பாத்தேன்." முதலாளியிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "உட்டுருங்க சார், பாவம். சின்னப் பொண்ணு, ஞாபகம் இல்லாம மாத்திப் போட்டிருக்கும்."

வேம்புலி வாயைத் திறந்தான். குணசேகரன் அவனிடம், "ரெண்டு நாளா படகு சாயறத நீ பாக்கலியா வேம்புலி? இங்கதான் இருந்தியா, இல்ல மழைக்கு ஊட்டுக்குப் பூட்டியா?" என்றான். வேம்புலி வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் செலினின் அப்பா கிறிஸ்துராஜ் பட்டறைக்கு வந்தார். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். முதலாளிதான் வரச் சொல்லியிருந்தார். கவனக்குறைவு என்று அவள் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றார். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் செய்யலப்பா," என்றாள் செலின். "மிதவையைத் தூக்கிப் பாத்தேன், ஓடிச்சு. மாதா மேல சத்தியமா."

கிறிஸ்துராஜ் எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தார். "செய்யறதையும் செஞ்சிட்டு மாதாவை இழுக்கிறியா? எழுது!" பிறகு முதலாளி பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அவள் பேனா இல்லை என்றாள். குணசேகரன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினான். வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் புரிந்தது. அவள் நின்றபடியே நாலு வரி எழுதினாள். அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டிப் போனார்கள். அதன் பிறகு டிங்கர், "டிப்ளமோ படிச்சா மட்டும் போதுமா?" என்றான். பட்டறை சிரித்தது. குணசேகரனும் சிரித்தான்.

சாயங்காலம் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேம்புலி நேத்தே எங்கிட்ட சொல்லிட்டான் குணா."

குணசேகரன் நிமிர்ந்து பார்த்தான். "சார்... தெரிஞ்சுமா அந்தப் பொண்ண..."

"உன் பேர் வந்தா என்ன ஆவும்? பத்தொன்பது வருஷ ஆளே வேணும்னு செஞ்சான்னு தோட்டக்காரர் எம்மேல கேஸ் போடுவாரு. எல்லாத்தையும் நோண்டுவாங்க. அந்த லெட்டர்ல வெல்டிங்கைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா?" கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். "ஆறு மாசப் பொண்ணு. கல்யாணம் பண்ணிக் குடுத்துடுவாங்க. நீ எனக்கு வேணும். எங்கயும் போவ முடியாதில்ல இனிமே?"

குணசேகரன் தலையாட்டினான்.

"படகுக்குத் திரும்ப வயர் போடணும். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே பண்ணு. அப்புறம் ஞாயித்துக்கிழமை முகப்பேருக்கு வா, மாடியில ஃபேன் மாட்டணும்."

அந்த வாரமே படகுக்கு வயர் போட்டான். பேட்டரியிலிருந்து நேராக, பம்புக்கு ஒரு பியூஸ். மிதவையைத் தூக்கினான், ஓடியது. தோட்டக்காரர் அவன் முதுகில் தட்டி, "அனுபவம் அனுபவம்தான்யா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முகப்பேர் வீட்டுக்குப் போய்வந்தான். முதலில் ஃபேன், பிறகு தண்ணீர் டேங்க் கழுவுவது, அதற்கப்புறம் முதலாளியின் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. பட்டறையில் இப்போது யாரும் அவனை 'மெயின் மாமே' என்று கூப்பிடுவதில்லை. முதலாளி மட்டும் எல்லோர் முன்னாலும், "டேய், இங்க வாடா," என்பார்.

தை பிறந்து ஒரு நாள் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் செலினைப் பார்த்தான். துணி ஏற்றுமதிக் கம்பெனிப் பெண்களோடு நின்றிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, விரலில் ஊசி குத்தியதற்குச் சுற்றிய துணி. அவன் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்த பெண், "யாருடி அது?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றாள் செலின். வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.