மூணு சொன்னதும்

விடியற்காலை ஐந்து மணிக்கே முதியோர் விடுதியின் ஆண்கள் கூடத்தில் வேலை தொடங்கிவிடும். பதினெட்டுக் கட்டில். நனைந்த விரிப்பை உருவ வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், ஆளைத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்த வேண்டும். போன மாதம்வரை அதற்கு இரண்டு பேர். ஒருத்தி தோளைப் பிடிப்பாள், ஒருத்தி முழங்காலைப் பிடிப்பாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் தூக்குவார்கள். ஆள் அதிகம் என்று முதலாளி ஒருத்தியை நிறுத்திவிட்டார். இப்போது நெட்டையக்கா மட்டும்தான். பழக்கதோஷம், எண்ணுவதை அவள் விடவில்லை. தானே எண்ணித் தானே தூக்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கேட்பார் யார்?

அன்று அவள் மூன்றாம் கட்டிலில் இருந்தபோது, பதினொன்றாம் கட்டில் டைலர் பெரியவர் தடாலென்று தரையில் விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தாள். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. போன மழைக்காலத்தில் இப்படி விழுந்த ஒருவர் பிறகு எழுந்து நடக்கவேயில்லை.

"என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதாப்பா?"

"நீ ஒருத்தி எத்தனை பேரைம்மா பார்ப்ப? பாத்ரூம்தானே, போயிடலாம்னு..."

பாவி மனுஷன், அவளுக்கு இரக்கப்பட்டல்லவா விழுந்தார்! அவரை அசைக்காமல், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கையைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி ஒரு தாளோடு வந்தார். பெரியவரைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாளை அவள் மடியில் போட்டார்.

"என் கவனக்குறைவுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா இன்னையோட நின்னுக்கோ."

வீட்டில் இரண்டு பிள்ளைகள் அவள் ஒருத்தியை நம்பி இருந்தார்கள்.

"பதினெட்டுப் பேருக்கு ஒரு ஆளு சார்..."

"உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்."

"உப்பைத் தின்னது நீங்க. தண்ணியை அவ குடிக்கணுமா?"

வாசலில் சமையற்காரம்மா கரண்டியோடு நின்றாள். பின்னால் பெண்கள் கூடத்தைப் பார்க்கும் குண்டக்காவும் துணி துவைக்கும் அண்ணனும்.

"அடுப்பை விட்டுட்டு இங்க என்ன வேலை?"

"நாளைக்கு எங்க கூடத்துல ஒருத்தர் விழுந்தா இதே தாள் எனக்கு வரும்," என்றாள் குண்டக்கா. "அவ போட மாட்டா. இனிமே ரெண்டு பேரா சேர்ந்துதான் தூக்குவோம். நேரமானா ஆகட்டும்."

"எல்லாரையும் அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க சார். விரிப்பெல்லாம் தொட்டியில ஊறுது, நீங்களே வந்து கசக்குங்க," என்றார் அண்ணன்.

நெட்டையக்கா எழுந்தாள். எதுவும் எழுதாத தாளை முதலாளியிடமே திருப்பி நீட்டினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்ற நாலு பேர் வேண்டும் என்றார் ஓட்டுநர். அவருக்கடியில் மெல்லச் செருகிய விரிப்பின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தார்கள்.

"நாலு பேரா? இப்பவேயா?" என்று பெரியவர் வலியோடு சிரிக்கப் பார்த்தார்.

"சும்மா இருங்கப்பா. திரும்பி வாங்க, உங்களைத் தூக்க ரெண்டு பேர் இருப்போம்." அவள் எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு..."

"ரெண்டு, மூணு" என்பதை நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.