முத்துக்கனி வண்டியின் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்கூட்டர் ஹாரனால் கிடைத்தது. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வினோஜிடம், ஊமையாகிவிட்ட ஹாரனைக் காட்டப் போயிருந்தேன். ஒயரைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்: “ஒரு வீட்டு வண்டி பாத்தேன் அண்ணே. உள்ள கட்டில், அடுப்பு, பிரிட்ஜு எல்லாம் உண்டும். தெனமும் காலம்பற பியூசு போவும். அது எதுக்குப் போவுதுன்னு கண்டுபிடிக்கப் பட்ட பாடு இருக்கே!”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் என் ஹாரன் கத்திவிட்டது. மீதியெல்லாம் என் சரக்கு. முத்துக்கனி, அழகியநாயகி என்ற பெயர்களும் நான் வைத்தவைதான். வினோஜை மட்டும் சொந்தப் பெயரில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “போடுங்க, ஆனா நாந்தான் கண்டுபிடிச்சேன்னு எழுதணும்” என்றார். எழுத முடியவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அரபிக்கடலின் அலைகள் ஆர்ப்பரிக்கும் கரையில், அந்த வாகனம் தன் தனிமையைச் சுமந்தபடி”

வேண்டாம். வண்டி நின்றது தென்னந்தோப்பில். அங்கே கேட்டது பக்கத்து வீட்டு மிக்சியின் சத்தம்.

பிறகு:

“ஃபியூஸ் என்பது என்ன? தாங்க முடியாத பாரம் வரும்போது தன்னையே எரித்துக்கொள்ளும் ஒரு மெல்லிய இழை. மனித உறவுகளிலும்”

அட, சும்மா கிட. (இந்த வாக்கியத்தை அடித்துவிடாமல் விட்டிருப்பது, இந்தக் கதையில் ஃபியூஸ் வெறும் ஃபியூஸ்தான் என்று எனக்கே நினைவூட்டிக்கொள்ள.)

3

ஆகவே நேராக வருகிறேன்.

முத்துக்கனி வயசு காலமெல்லாம் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி அழகியநாயகியோடு அவர் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவுகளில்தான். மகள் இந்துஜா பிறந்தது ஒரு லீவுக்கும் இன்னொரு லீவுக்கும் நடுவில். அவளையும் கட்டிக்கொடுத்த பிறகு முத்துக்கனி ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்தவருக்கு வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அழகியநாயகிக்கோ, ஒரு ஆண்பிள்ளை நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி காப்பி கொடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அவர் சுற்றுலாக்காரர் ஒருவர் கழித்துவிட்ட பழைய டிராவலர் வண்டியை வாங்கினார். இருக்கைகளைப் பிடுங்கினார். உள்ளே பலகை அடித்தார். கட்டில், அடுப்பு, தண்ணீர் மோட்டார், கூரையில் சோலார் என்று சேர்த்துக்கொண்டே போனார். முதல் பயணம் திருச்செந்தூருக்கு என்று திட்டம். அதற்கப்புறம் ரோடு விட்ட வழி.

அழகியநாயகி ஒரே ஒரு காரியம்தான் செய்தாள். அவர்கள் அய்யாவழிக் குடும்பம், சிலைக்குப் பதில் கண்ணாடியைத்தான் அய்யாவாகக் கும்பிடுவார்கள். விடிந்து குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நாமம் இட்டுக் கும்பிடாமல் அவளுக்கு நாள் தொடங்காது. அவர் வினோஜ் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கண்ணாடியை வண்டியின் உள்சுவரில் தன் கையாலேயே மாட்டினாள். ரோட்டில் குலுக்கத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று, டப்பாவில் இருந்ததிலேயே நீளமான ஸ்க்ரூவாகப் பொறுக்கி எடுத்து முறுக்கினாள்.

(ஆம். கதை இங்கேயே உடைந்துவிட்டது, தெரிகிறது. பலகைக்குப் பின்னால் ஒயர் போகிறது, அதற்குப் பின்னால் வண்டியின் இரும்புத் தகடு. ஸ்க்ரூ ஒயரைத் துளைத்துவிட்டது. இதை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டலாம் என்று பார்த்தேன். ஆனால் என் கவலை ஸ்க்ரூவைப் பற்றியது அல்ல.)

4

மறுநாள் காலையில் அவள் வண்டிக்குள்ளேயே கும்பிடத் தொடங்கினாள். அன்றிலிருந்தே விளக்கு, மின்விசிறி, மோட்டார் மூன்றுக்கும் பொதுவான ஃபியூஸ் போகத் தொடங்கியது. புதிதாகப் போட்டால் நாள் முழுக்க நிற்கும். மறுநாள் அவள் கும்பிட நிற்கிற நேரத்தில் போய்விடும்.

முத்துக்கனி மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போனது. மின்விசிறியைக் கழற்றினார். போனது. பொறுமை இழந்து, பதினைந்து ஆம்பியர் இருந்த இடத்தில் முப்பது ஆம்பியர் ஃபியூஸைச் செருகினார். பலகைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்தது. வினோஜ் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஏசி பாத்த ஆளுதானே நீங்க? பியூசு போறது நல்லதுக்கு. இப்பம் ஒயரே எரிஞ்சு வண்டி போயிருக்கும்.”

“தெரியும் மக்கா. ஒரு வெறுப்புல செஞ்சது.”

இரண்டு பேரும் எல்லாப் பலகையையும் கழற்றினார்கள், கண்ணாடி மாட்டிய அந்த ஒன்றைத் தவிர. கிரீஸ் கையோடு, வியர்வையோடு அய்யா இருக்கிற இடத்தைத் தொடக்கூடாதென்று முத்துக்கனி நினைத்தார். வீட்டுக்காரரே தொடாததை நாம் தொடுவானேன் என்று வினோஜ் நினைத்தார். மரியாதையாக அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றியே வேலை பார்த்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அழகியநாயகி ஒரு நாள் சொன்னாள்:

“நான் கும்பிட நிக்கவும் வெளக்கு அணையுது. அய்யாவுக்கு இஷ்டமில்ல போல. இன்னொருக்கா போச்சுன்னா நான் வரல்ல கேட்டியளா? வண்டிய வித்துருங்க.”

முத்துக்கனி ஸ்பானரைத் துடைத்தார்.

5

இங்கே எனக்கு முத்துக்கனி மேல் சந்தேகம் வந்தது. ஒருவேளை இந்த ஆளுக்கே பயணம் போகப் பயமோ? பத்தடி நீள வண்டிக்குள் ஒரு பெண்ணோடு என்ன பேசுவது என்று பயந்து, அவரே தினமும் ஃபியூஸைப் பிடுங்குகிறாரோ? அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். புத்திசாலித்தனமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் என்னோடு ஒத்துழைக்கவில்லை. பிரிட்ஜுக்குள் அவளுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உருளாமல் நிற்க ரப்பர் வளையம் செய்துவைத்த மனிதர் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

6

வினோஜ் கடைசியாக ஒரு வேலை செய்தார். ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார்.

“எல்லா சுவிச்சும் ஆஃப்ல கெடக்கட்டும். எங்கயாவது ஷார்ட் ஆனா இது பளிச்சுன்னு எரியும். காலம்பற பக்கத்துல இருந்து பாருங்க.”

காலையில் முத்துக்கனி பின்கதவுப் படியில், பல்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழகியநாயகி ஈரத்துணியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். பல்பு எரிந்தது. கையை எடுத்தாள், அணைந்தது. மறுபடி துடைத்தாள், எரிந்தது. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பூப்பறிக்க இறங்கிப் போனாள். அவள் கை பட்ட அழுத்தத்தில்தான் ஸ்க்ரூ முனை தகட்டைத் தொட்டிருக்கிறது.

ஏசி மெக்கானிக் ஒருவர் ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷப்படாமல் இருந்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். அய்யா கண்ணாடியாலேயே விளக்கு அணைகிறது என்று தெரிந்தால் அவள் என்ன சொல்வாள்?

கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். அய்யா முன்னால் நிற்கிற முறைப்படி ஈரத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூவைச் சுழற்றி எடுத்து, கண்ணாடியைக் கட்டிலில் வைத்தார். பலகையை நெகிழ்த்தி, காயம்பட்ட ஒயருக்கு டேப் சுற்றி, அதை ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். குட்டை ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அழகியநாயகி செம்பருத்தியோடு ஏறிவந்தாள்.

7

முடிவு அ: அவர் சட்டென்று ஏதோ பொய் சொல்கிறார். அவள் நம்புகிறாள். வண்டி புறப்படுகிறது. (நாலு பேர் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் பொய்யில் புறப்பட்ட வண்டி திருச்செந்தூர் வரைக்கும்கூடப் போகாது.)

முடிவு ஆ: அவள் அழுதுகொண்டே இறங்கிப் போகிறாள். வண்டியை விற்கிறார்கள். வாங்குவது நான்.

இரண்டும் வேண்டாம். நடந்திருக்கக்கூடியது இதுதான்.

அவர் நீளமான ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “இதுதான் ஒயரைக் குத்திருக்கு. அய்யா ஒண்ணும் தடுக்கல்ல பிள்ளே. கண்ணாடி விழுந்திரப்பிடாதேன்னு நீ நெனச்ச. அம்புட்டுதான்.”

அவள் ஸ்க்ரூவைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

“அப்பம் இனி போவாதா?”

“போவாது. வண்டி ரெடி. பேன் ஓடும், மோட்டார் ஓடும், பிரிட்ஜு…”

“அய்யோ, நிறுத்துங்க!” என்றாள். “வந்த நாள்லேருந்து வண்டி, பேன், பிரிட்ஜு. அய்யாகிட்ட நான் கேட்டது வண்டி ஓடுமான்னு இல்ல. இந்த மனுசனுக்கு நான் வரணுமா, இல்ல வண்டில ஒரு ஆளு இருக்கணுமான்னுதான். தம்மாம்லேருந்து போன் வந்தாலும் ‘சாப்ட்டியா, மழ உண்டா.’ நீ வரணும்னு ஒருக்காலாவது வாயத் தொறந்து சொன்னியளா?”

அவர் சொல்லவில்லைதான். யோசித்துப் பார்த்தால் மூன்றாம் பகுதியில் நானும் எழுதவில்லை. வண்டியின் கட்டிலை எழுதினேன், மோட்டாரை எழுதினேன். அவர் அவளைக் கூப்பிட்ட ஒரு வரி அங்கே இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்தேன். எழுதிய ஒவ்வொன்றும் சினிமா வசனமாக வந்து நின்றது. முத்துக்கனிக்கு அப்படிப் பேச வராது. எனக்கு வருகிறது, அதுதான் பிரச்சினை. ஆகவே அவர் பேச வேண்டிய இடத்தை விட்டுவைக்கிறேன். உங்கள் வீட்டிலும், ‘நீ வரணும்’ என்று யாரும் சொல்லாமல் விட்ட ஒரு ஆள் இருக்கலாம். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அழகியநாயகி செம்பருத்தியைக் கட்டிலில் வைத்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோடு பிடித்துக்கொண்டாள், அவர் வந்து முடுக்குவதற்கு வாகாக.

“சொல்லுங்க. நான் புடிச்சிட்டு நிக்கேன்.”

முத்துக்கனி தொண்டையைச் செருமினார்.

“[                              ]”