விரல் நுனிப் பசை

"இந்த விரல்லயும் இரிக்கி. தண்ணி உள்ளுக்குப் போகாது புள்ள," என்றாள் சுஹறா மாமி.

றுஸ்தா குனிந்து பார்த்தாள். ராத்தாவின் வலது சுட்டுவிரல் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு துளிப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பெருவிரலில் இன்னொன்று. நடுவிரலின் நகக்கண்ணில் வேறொன்று.

பின்வளவில் நாலு பக்கமும் சேலை மறைத்து, பலகையில் அவளுடைய அக்கா ஸைனம்பு ராத்தாவின் மையத்தைக் கிடத்தியிருந்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக வாளியில் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு, "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இரிக்கி" என்று குசினிக் கதிரையில் உட்கார்ந்தவள், ஓட்டோ வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்து யாரும் பார்த்ததில்லை.

அந்தக் குறிச்சியில் மௌத்தாகும் பெண்களையெல்லாம் குளிப்பாட்டுகிறவள் சுஹறா மாமிதான். அவள் வாளியைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு ஊசிமுனை இடம் நனையாட்டியும் குளிப்பு நிறையாது. நீதானே தங்கச்சி, நீயே எடு. அவசரப்படாத. மையத்துக்கும் நோகும்."

றுஸ்தா ராத்தாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தக் கையைப் பிடித்து எத்தனை வருடம்! சின்னதில் மருதமுனைக் கடற்கரைக்குப் போகும்போது பிடித்தது. வெந்நீரில் நனைத்து, நகத்தால் மெதுவாக ஓரம் கிளப்பினாள். பசை வர மறுத்தது.

அது என்ன பசை என்று அவளுக்குத் தெரியும். கல்முனைக் கடையில் ராத்தா வாங்கிவந்த குளூ கன். மின்சாரத்தில் மாட்டினால் பசையை உருக்கிக் கக்கும். துப்பாக்கி மாதிரி இருப்பதால் ராத்தா அதற்கு வைத்த பெயர் துவக்கு. "என்ட துவக்க ஆரு எடுத்த?" என்று வீடு முழுக்கத் தேடுவாள். அதற்குக் கிழவியும் சிரிக்கும், குமரியும் சிரிக்கும்.

அந்தத் துவக்கைத் தொடக்கூடாது என்று சொன்னவள் றுஸ்தாதான்.

மகள் அம்ஹாவின் கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள். மணவறைச் சோடனைக்கு மலைநாட்டு ரோசாவுக்கு விலை கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கலாம் போலிருந்தது. வந்து இறங்கிய பூவும் இந்தக் கடற்கரை வெக்கைக்குப் பகல் சாப்பாடு வரை தாங்காது. பிளாஸ்டிக் பூ என்றால் அம்ஹா முகத்தைத் திருப்பினாள். அப்போதுதான் ராத்தா சொன்னாள்: "காஞ்ச பூவுல செய்வம். என்ட வாடாமல்லி இரிக்கி, காஞ்சாலும் நிறம் மாறாது. சொறிக்கல்முனையில நெற்கதிர் அறுத்துத் தருவாங்க. குளத்துல தாமரைக்காய் சும்மா கிடக்கு. காசு எதுக்கு?"

றுஸ்தாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் நினைப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாய் முந்திக்கொண்டது.

"செத்த பூவ வெச்சா, இது கலியாண வீடா மையத்து வீடா எண்டு கேக்க மாட்டாங்களா?"

ராத்தா சிரித்தாள். "நம்மட மையத்துக்கு எப்ப கா பூ வெச்சிரிக்கி?"

றுஸ்தா சிரிக்கவில்லை. "உங்களுக்குப் பிள்ளை குட்டி இரிந்தா விளங்கும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல."

அவ்வளவுதான். ராத்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மூன்று வயதிலிருந்து அம்ஹாவை மடியில் போட்டு வளர்த்தவளிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? அதன்பிறகு ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் கதையாமல் இருக்கக் கூடாது என்பது மார்க்கம். மூன்றாம் நாள் இரவு றுஸ்தா ராத்தாவின் பின்னறை வாசல் வரை போனாள். நாளைக்குக் கதைப்போம் என்று திரும்பி வந்தாள். விடிந்தது நாலாம் நாள், இன்று.

"வருது பார்," என்றாள் சுஹறா மாமி.

சுட்டுவிரல் பசை தோலைப் போலக் கழன்று வந்தது. அடியில் விரல் நுனி பிறந்த பிள்ளையின் விரல் மாதிரி வெளுத்து, மெத்தென்று இருந்தது. றுஸ்தா பசைத்துண்டைத் தூக்கிப் பார்த்தாள். ராத்தாவின் ரேகை ஒரு வரி தப்பாமல் அதில் பதிந்திருந்தது. அல்லாஹ்வே, எவ்வளவு நுணுக்கம்! உலகத்தில் இன்னொருவருக்கு இல்லாத கோடுகள். பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்தும் அவள் பார்த்ததில்லை. ஏழு துண்டுகள் வந்தன. எறிய மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு தண்ணீர் ஊற்றினார்கள். அது ஒவ்வொரு விரலிலும் வழிந்து ஓடியது.

அஸர் தொழுகைக்குப் பிறகு, மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் முனாஸ் முற்றத்தில் நின்று சொன்னான். றுஸ்தாவின் புருசன்.

"எங்கட மச்சி வாயாலயோ கையாலயோ ஆருக்கும் ஏதும் செஞ்சிரிந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டம்," என்றது ஊர்.

உள்ளே யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் றுஸ்தா. உயிரோடு இருக்கிறவர்கள் மையத்தைப் பொருந்திக்கொள்கிறார்கள். மையத்திடம் போய் என்னைப் பொருந்திக்கொள் என்று யார் கேட்பது? வெள்ளைத் துணி போர்த்திய சந்தூக்கு ஒரு பூவும் இல்லாமல் கேற்றைத் தாண்டிப் போயிற்று.

ஆண்கள் மையத்தை அடக்க மையவாடிக்குப் போனதும் அம்ஹா வந்து அவள் கையைப் பிடித்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உம்மா, மூத்தம்மாட அறைக்கி வாங்க. திறப்பு என்னட்ட இரிக்கி."

கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள் பிள்ளை.

றுஸ்தா வாசலிலேயே நின்றாள். பின்சுவர் தெரியவில்லை. நிலத்திலிருந்து கூரை மரம் வரை நெற்கதிர். பொன்னாக, அடுக்கடுக்காக, நடுவிலிருந்து வெளியே விரிந்து கிடந்தது. கதிர்களுக்கிடையே கருநாவல் நிறத்தில் வாடாமல்லி, ஆயிரம் இருக்கும். ஓரம் முழுக்கத் தாமரைக்காய். யன்னலால் கடற்காற்று வந்தது. சுவர் முழுவதும் ஒரு தரம் சரசரத்து அடங்கியது. அறுவடைக்கு முந்திய வயலின் சத்தம் அது. ஒரு தனிப் பொம்பிளையின் கை இதைச் செய்ததா?

"எப்ப செஞ்ச?" என்று கேட்டாள்.

"கதிரெல்லாம் முந்தியே கட்டி வெச்சிட்டா. ஒட்டினது இந்த நாலு நாளும். காலையிலயும் செஞ்சிக்கிட்டுத்தான் இரிந்தா." அம்ஹா மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டா. உன்ட உம்மா என்னோட கதைக்கிற அண்டைக்கிக் காட்டுவம், அதுவரைக்கும் வாயத் திறக்காத எண்டா."

பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா. மௌத்துக்கு மருதமுனையிலிருந்து வந்தவள், இவர்களைத் தேடி உள்ளே வந்திருக்கிறாள். எந்த வாய்க்குப் பயந்து றுஸ்தா அந்தச் சொல்லைச் சொன்னாளோ, அந்த வாய். அவள் ஒரு நெற்கதிரை ஒரு விரலால் தொட்டாள்.

"சுப்ஹானல்லாஹ்," என்றாள் மெதுவாக. பிறகு, "பூவுக்கு அலையிறீங்க எண்டு கேள்விப்பட்டன். இது வீட்டுக்குள்ள இரிக்கக்குள்ளயா?"

றுஸ்தாவின் கண் வலப்பக்கக் கீழ்மூலையில் நின்றது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் வெறுமையாக இருந்தது. கீழே பாயில் கட்டி வைத்த ஒரு பிடி வாடாமல்லியும், பக்கத்தில் துவக்கும் கிடந்தன.

சம்பந்தி போனபின் றுஸ்தா கதவைச் சாத்தினாள். துவக்கைப் பிளக்கில் மாட்டினாள்.

"உம்மா, இண்டைக்கா?"

"ஓம் மகள். இண்டைக்குத்தான்."

பழக்கமில்லாத கை. பசை விரலில் பட்டுச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. கடைசிப் பூவை வைத்து, ஒட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். தொழுமுன் கைகால் கழுவி வுழூ எடுக்கப் பின்வளவுக் குழாயடிக்குப் போனவள், காலையில் பலகை கிடந்த ஈர மண்ணில் குந்தினாள். சுட்டுவிரல் நுனியில் பசை இறுகியிருந்தது. ஓரத்தை நகத்தால் மெதுவாக, அவசரப்படாமல் கிளப்பினாள். முழுதாகக் கழன்று வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதையும் உள்ளே வைத்து முடிந்துவிட்டு, குழாயைத் திறந்தாள்.