எழுதி வைக்காத நம்பர்

வானூரிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கிருபாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. எட்டு மாதம் புருஷன் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு சூட்கேஸோடு பிரம்மதேசத்தில் அம்மா வீட்டு வாசலில் வந்து இறங்கியவளைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் திரும்பி நின்று கேட்டார். பதில் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் செல்போனைக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்க" என்றாள். கேட்க வந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வருஷத்தில் அதில் நன்றாகவே தேறிவிட்டாள். வெறுமனே 'ம், ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆள் பக்கத்திலேயே நின்று காத்திருப்பார். ஏதாவது ஒரு சங்கதியை நீட்டிப் பேச வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதற்கும் இடம் விட வேண்டும். நடுவில் ஒரு தரம் கோபப்பட்டால் இன்னும் நல்லது.

மரக்காணம் உப்பளத்தில், உப்பு ஏற்றி வரும் வண்டிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் அவளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினால், அங்கிருந்து இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் மண்ரோடு. உப்பு வாருகிறவர்கள் இருட்டோடு வந்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானத்தில் அந்த ரோட்டில் ஒரு ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். பக்கத்து உப்பளத்துக் கணக்குப்பிள்ளை கண்ணாயிரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடைமேடை அறையை நோக்கி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் வந்தால் மாப்பிள்ளைப் பேச்சோடுதான் வருவார். போன வாரம் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கிற, பெண்டாட்டி செத்துப்போன ஒருவருடைய போட்டோவையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கிருபா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ, ஆமாங்க, நான்தான் பேசறேன்."

கண்ணாயிரம் வாசலில் நின்றார். அவர் போகிற மாதிரி தெரியவில்லை. அம்மாவுக்காக ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அதையே பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

"வண்டியை நான் நேராவே பாத்தேங்க. முன்பக்கம் அடிபட்டிருக்குது. இல்ல, மறைக்கிறாங்க, நல்லாத் தெரியுது. நம்பரையும் எழுதி வச்சிருக்கேன். பேப்பர் வீட்டுல பத்திரமா இருக்குது. திங்கக்கிழமை வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்."

கண்ணாயிரம் 'அப்புறம் வர்றேன்' என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் விலகிய இடத்தில், அவருக்குப் பின்னால், கையில் எடைச் சீட்டோடு சுரேஷ் நின்றிருந்தான்.

சுரேஷ் அளத்துக்குக் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிற பையன். இருபத்தாறு வயசு. போன மாசம் பெண் குழந்தை பிறந்ததற்கு எடைமேடையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தவன். சீட்டை நீட்டினான். அது ஈரமாக இருந்தது.

"யாருக்கா போன்ல?" என்று கேட்டான்.

"சும்மா, தெரிஞ்சவங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சீட்டைத் திரும்ப வாங்காமலே போய்விட்டான். வெயில் தலைக்கு ஏறிவிட்டது போல என்று கிருபா நினைத்தாள்.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுக் குடையை விரித்து நடந்தாள். இரண்டு பக்கமும் பாத்திகள் கண்ணைத் திறக்கவிடாமல் வெளுத்துக் கிடந்தன. தூரத்தில் கடல்தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டு ஒதுங்கினாள். குட்டியானை அவளைத் தாண்டிப் போய், ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது.

சுரேஷ் இறங்கி வந்தான். "அக்கா, ஏறுங்க. வீட்டுல விட்டுடறேன்."

"வேணாம் சுரேஷ். பஸ்ஸுக்கு டைம் இருக்குது."

"உங்க வீட்டுக்குத்தான் போகணும். அந்தப் பேப்பரை எடுத்துக் குடுத்துடுங்க."

"எந்தப் பேப்பர்?"

"நம்பர் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

கிருபாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "ஐயோ, அது ஒண்ணுமில்லப்பா. நான் போன்ல யாருகிட்டயும் பேசல. கண்ணாயிரம் வந்தாருன்னா கல்யாணப் பேச்சு எடுப்பாரு. அதுக்காகச் சும்மா காதுல வச்சிக்கிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "போனைக் குடுங்க" என்றான். கொடுக்கக் கூடாது என்று தோன்றுவதற்குள் கொடுத்துவிட்டாள். "லாக்கை எடுங்க." எடுத்துக் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். காலை ஒன்பதே முக்காலுக்கு அம்மா பேசியது இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அழிச்சிட்டீங்க."

"இல்ல சுரேஷ். பேசவே இல்லன்னுதான சொல்றேன்."

"பேசாமயா வண்டி முன்பக்கம் அடிபட்டிருக்குதுன்னு சொன்னீங்க? நீங்க முதல் பஸ்ஸுல வந்து எறங்கறவங்க. புதன்கிழமையும் எறங்கினீங்க."

புதன்கிழமை. கிருபாவின் பார்வை அவளைக் கேட்காமலே வண்டியின் முன்பக்கம் போனது. ஒரு விளக்கு பழையது, மங்கிப்போனது. மற்றது புத்தம் புதுசு. அதைச் சுற்றி நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

புதன்கிழமை விடிகாலையில், கரைக்கு மீன் எடுக்கச் சைக்கிளில் போன ஏசுராஜ் என்கிற மீனவரை, மண்ரோடு பிரிகிற இடத்தில் ஏதோ ஒரு வண்டி தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் நாலு நாளாக நினைவில்லாமல் கிடந்தார். அவர் பெண்டாட்டி இன்னாசிமேரி மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்று, இறங்குகிறவர்களிடமெல்லாம் 'யாராச்சும் பாத்தீங்களா' என்று கேட்டதைக் கிருபாவே பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் அந்தம்மாவைத் தாண்டி வந்தாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா" என்றான் சுரேஷ், மெதுவாக. "உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு இப்பத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஏறுங்கக்கா. பேப்பரைக் குடுத்துடுங்க, போதும். நான் உங்களை ஒண்ணும் பண்ணமாட்டேன்." அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நிதானத்தில் இருக்கிறவனிடம் எதையாவது சொல்லிப் பார்க்கலாம். இல்லாத பேப்பரைக் கேட்கிறவனிடம் என்ன சொல்வது? வீட்டுக்குப் போனால் அம்மா தனியாக இருப்பாள். பேப்பர் கிடைக்கவில்லை என்றதும் இவன் என்ன செய்வான்? இவனுக்கே அது தெரியாது என்று அவளுக்குப் பட்டது.

"சரி, வர்றேன். குடையை மடக்கிக்கறேன்" என்றாள்.

பிடி தளர்ந்தது. குடையை அவன் மேலேயே விட்டெறிந்துவிட்டு ரோட்டிலிருந்து பாத்திக்குள் குதித்தாள். முழங்கால் வரைக்கும் உப்புத்தண்ணீர் தெறித்தது. செருப்பு இரண்டும் அடிச்சேற்றில் மாட்டிக்கொண்டன. விட்டுவிட்டு ஓடினாள். விளைந்து நின்ற உப்பு கண்ணாடிச்சில்லு மாதிரி உள்ளங்காலைக் கிழித்தது. கிழித்த இடத்தில் உப்பு ஏறியது. மோட்டார் சத்தம் வருகிற திசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனாள். மோட்டார் ஓடினால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தாக வேண்டும்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவன் இறங்கிவிட்டான். "அக்கா, நில்லுங்க" என்றான். 'அக்கா' என்று கூப்பிடுவதை மட்டும் அவன் விடவில்லை. ஒரு வரப்பில் ஏறும்போது வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றி எழுந்தாள். வரப்பு தாண்டி அடுத்த பாத்தி, அதற்கடுத்து இன்னொன்று. மோட்டார் கொட்டகையின் கீற்றுக் கூரை தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு ஆள் எழுந்து நின்றார்.

"ஏம்மா, வாருற உப்புல எறங்கி மிதிக்கிறியே, கண்ணு தெரியலியா?" என்று அவர் திட்டிக்கொண்டே வந்தார். மோட்டார் பார்த்துக்கொள்கிற ஆரோக்கியராஜ். பிறகு அவள் காலைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். திட்டுவதை நிறுத்தினார்.

கிருபா திரும்பினாள். சுரேஷ் இரண்டு பாத்தி தள்ளி, வரப்புமேல் நின்றிருந்தான். பிறகு குனிந்து, அவள் போனை வரப்புமேல் பத்திரமாக வைத்துவிட்டு, வந்த வழியே தண்ணீரில் நடந்து போனான்.

ஆரோக்கியராஜ் போய்ப் போனை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, குடத்து நல்லதண்ணீரை அவள் கால்மேல் ஊற்றினார். அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். ஏசுராஜ் ஆரோக்கியராஜின் குப்பத்துக்காரர்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஏசுராஜுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சாமியாரிடம் சொன்னதே இவர்தான்.

"ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்குதுண்ணே. அவனுக்குக் கைக்குழந்தை வேற."

"எனக்குந்தான் பயம். கேஸுன்னு போனா என்னையும் இழுப்பாங்க." அவர் குடத்தை ஓரமாக வைத்தார். "திங்கக்கிழமை வரைக்கும் யோசி. நான் இன்னாசிமேரிகிட்ட எதுவும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிருபா வீட்டுக் கதவைத் தாழ்போட்டே வைத்திருந்தாள். காலில் உப்பு குத்திவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். தெருவில் வண்டி போகும்போதெல்லாம், அது தாண்டிப் போகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தாள். ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சுரேஷின் குரல்.

"அக்கா. அந்தப் பேப்பரைக் கிழிச்சிப் போட்டுடுங்க."

"அப்படி ஒரு பேப்பரே இல்ல சுரேஷ். சத்தியமா இல்ல."

"அப்ப கிழிக்கமாட்டீங்க" என்றான். போன் கட்டானது.

அந்த ராத்திரி அவள் அம்மாவின் பக்கத்திலேயே, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எத்தனை தரம் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை. நம்பாதவன் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இந்த வாசலுக்கு வருவான். விடிந்ததும் ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டு, "இன்னாசிமேரி அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே" என்றாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"பதினோரு மணிக்கு யாருகூடப் பேசிட்டு இருந்தீங்க?"

"யாருகூடவும் இல்ல சார்."

"போன்ல பேசினீங்கன்னு இப்பத்தான சொன்னீங்க?"

சாட்சிக்காகக் கண்ணாயிரத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சின் மறுகோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். கிருபா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இவர் வந்தா கல்யாணத்தைப் பத்திக் கேப்பாரு சார். அதைத் தவிர்க்கறதுக்காகப் பேசற மாதிரி நடிச்சேன்." எஸ்.ஐ. அதை அப்படியே எழுதினார். கண்ணாயிரம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னாசிமேரி கிருபாவின் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "வியாழக்கிழமை நான் கேட்டப்ப நீ போன்ல இருந்தியேம்மா" என்றாள். கிருபா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

அன்று மத்தியானமே சுரேஷை வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். ஓடவில்லையாம். குழந்தையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தானாம். மூன்றாவது வாரம் ஜாமீனில் வந்துவிட்டான் என்று எடைமேடையில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கிருபா பஸ் ஸ்டாப்பில் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஒரு நாள் காலை இறங்கியபோது, எதிர்ப்பக்க டீக்கடையில் அவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். இருந்தும் அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

கொஞ்சம் தள்ளியே நின்றான். இளைத்திருந்தான்.

"ஏசு அண்ணன் எப்படிக்கா இருக்காரு? என்னால போய்ப் பாக்க முடியாது."

"கண்ணு முழிச்சிட்டாரு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள். "கண்ணு முழிச்சிட்டாரு. நேத்து கஞ்சி குடிச்சாராம். வலது கால்தான் இன்னும் அசையலயாம்."

அவன் தலையாட்டினான். டீக்கடைக்குத் திரும்பிப் போனான்.

கிருபா மண்ரோட்டில் நடந்தாள். அளத்தில் ஆட்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வரப்பு ஓரமாக இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டியை இழுத்துப் போகிற டிராக்டர் ஒன்று தளும்பத் தளும்ப அவளைத் தாண்டிப் போனது. அது வளைவில் மறைகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு, பிறகு ரோட்டில் ஏறினாள்.