ராகலையில் மூன்றாவதாக வந்த வண்டி

பத்து நிமிஷ இறுதிப் பந்தயத்தில் ஏழாவது நிமிஷம் வரை கிருஷாந்தியின் வண்டிதான் முன்னால் ஓடியது. ராகலைக்கு மேலே, கரட் பயிரிட்டுக் கைவிட்ட ஒரு சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய பாதை அது. ஏழு வளைவு, நான்கு மேடு, நடுவில் வண்டி அந்தரத்தில் பறந்து இறங்கும் பாய்ச்சல் ஒன்று. ஓட்டுகிறவர்கள் பலகை மேடையில் வரிசையாக நின்று, ரிமோட்டைப் பிடித்தபடி, கீழே சீறிக்கொண்டு ஓடும் அரை மீட்டர் நீள வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது நிமிஷத்தில் ஏதோ மாறியது. வளைவை விட்டு வெளியே வரும்போது அவளுடைய வண்டியின் முன் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. இழுவை இல்லை. கண்டியிலிருந்து வந்த நீல வண்டி அவளைத் தாண்டிப் போனது. இரண்டு சுற்று கழித்து மஞ்சள் வண்டி ஒன்றும் போனது. அவள் விசையை மெதுவாக அழுத்தி, இருக்கிற இழுவையைக் கொண்டு வண்டியைக் கவிழாமல் கொண்டுவந்து சேர்த்தாள். மூன்றாவது இடம்.

கிருஷாந்திக்கு இருபத்தாறு வயது. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின்களின் கியர்பொக்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. வண்டி அவளுடையதல்ல. ஹட்டன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் விஜிதரனுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேரிங் ஒன்று வாங்க அவள் கடைக்குப் போனபோது, அவர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய ரிமோட் வண்டியை ஓட்டி, ஒரே வளைவில் நாலு தரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒருமுறை தரச் சொல்லிக் கேட்டாள். அவள் கையில் அது கவிழவில்லை. அன்றிலிருந்து வாங்குவது அவர், ஓட்டுவதும் கழற்றுவதும் பூட்டுவதும் இவள் என்று ஆகிப்போனது.

இப்போதைய வண்டி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதைத் தயாரிக்கும் கம்பெனி செய்வதிலேயே உயர்ந்த ரகம். உதிரிகளாகப் பெட்டியில் வந்ததைக் கிருஷாந்திதான் பூட்டினாள். அவர்களுடைய கிளப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே ரகத்தில் ஓட்டினால் ஒருவருடைய உதிரி இன்னொருவருக்கு உதவும் என்று, ஐந்து வண்டிக்கு ஒன்றாக ஓடர் கொடுக்க யோசித்திருந்தார்கள். அது இந்த ரகமா வேறா என்பதை ராகலைப் பந்தயம் முடிந்ததும் முடிவு செய்வதாகப் பேச்சு. பந்தயம் முடிந்த கையோடு வண்டியை எல்லோருக்கும் முன்னால் கழற்றிப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் சொல்ல வேண்டியது கிருஷாந்தி. அவளும் சரியென்று ஒத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வண்டியைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்கு வருவதற்குள்ளேயே தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர் நாகலிங்கம். கொழும்பில் வேறொரு ரக வண்டிகளை இறக்குமதி செய்கிறவர். எல்லாப் பந்தயத்துக்கும் வருவார். கெட்ட மனிதர் இல்லை. போன வருஷம் அவளுடைய டயர் கிழிந்தபோது கேட்காமலே ஒரு ஜோடி கொடுத்தவர். இந்த ரகம் கம்பளம் விரித்த பாதையில் ஓடத்தான் லாயக்கு, மலைநாட்டுக் களிமண்ணுக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கண்ணால் பார்த்திருந்தார்களே. விஜிதரன் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் தேடிப் பிடித்து வாங்கிய வண்டி இப்படி ஆனதில் அவருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

கிருஷாந்தி நேரே வேலையில் இறங்கினாள். மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்து, வண்டியை வைத்து, தூரிகையால் மண்ணைத் தட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். நேரக்கணக்கு பார்க்கும் நிலக்ஷி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். அலுமினிய அடித்தட்டில் கீறல் உண்டு, வளைவு இல்லை. சக்கரங்களைத் தாங்கும் கைகள் நாலும் நேராக இருக்கின்றன. பெரிய பாய்ச்சலில் இரண்டு தரம் மூக்கால் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதிர்வைத் தாங்கும் ஷொக்குகளில் எண்ணெய்க் கசிவு இல்லை. மோட்டார் சூடுதான், கை வைக்க முடிகிற சூடு. மண் அடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, மோட்டாருக்குக் கீழே. அங்கே ஒரு மூடி வெட்டிப் போடலாம்.

பின் இடது சக்கரத்தைச் சுழற்றியபோது அவள் நிறுத்தினாள். காதருகே கொண்டுபோய் மறுபடி சுழற்றினாள். உள்ளே மணல் அரைக்கிற சத்தம். பேரிங்கின் மூடி மெல்லிசு, ஒரு நாள் ஓட்டத்திலேயே களி உள்ளே போய்விட்டது, இது வண்டியின் குறைதான் என்று சொன்னாள். நாகலிங்கம் சிரித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பேரிங் இழுவையைக் கெடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். இழுவையைக் கெடுத்தது வேறு.

நடு கியர்பொக்ஸைக் கழற்றினாள். மோட்டாரின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற, கைக்குள் அடங்கும் சின்ன உருளை அது. உள்ளே பாகு மாதிரிக் கெட்டியான எண்ணெய் இருக்கும். அது இருக்கும் வரைதான் பலம் சரியாகப் பிரியும். எண்ணெய் போய்விட்டால் பலமெல்லாம் லேசான பக்கம் ஓடி, முன் சக்கரம் சும்மா சுழலும். அவள் மேடையில் நின்றபோதே இதைத்தான் சந்தேகப்பட்டிருந்தாள்.

உருளையின் வெளிப்பக்கம் பிசுபிசுவென்றிருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே பாதிக்கும் குறைவான எண்ணெய். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை ஊசியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓர் ஓரத்தில் நசுங்கி, முடி அகலத்துக்கு வெடித்திருந்தது.

அந்தக் கணத்தில் அவளுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. ராகலையின் குளிருக்கு எண்ணெய் கொஞ்சம் இளகலாக இருக்கட்டும் என்று வேலை முடிந்து வந்து அதை மாற்றினாள். புதுக் கேஸ்கட் பெட்டியில் இருந்தது. பழையது பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே வைத்து மூடினாள். காலையில் நடந்த சின்னப் பந்தயங்களில் அது தாங்கிவிட்டது. இறுதிப் பந்தயத்தில் ஏழு நிமிஷம் ஓடி எண்ணெய் சூடாகி இளகியதும் வெடிப்பு வழியாக வெளியே வந்துவிட்டது.

காது சூடானது. கொட்டகையில் யாருக்கும் இது தெரியாது. கேஸ்கட் போய்விட்டது என்று மட்டும் சொன்னால் அது வண்டியின் தலையில் விழும். அவள் சொல்வது பொய்யாகவும் இருக்காது. அவள் அந்த எண்ணத்தோடு இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. கேஸ்கட்டை வெள்ளைத் தாளில் வைத்து எல்லோருக்கும் நடுவில் தள்ளினாள்.

"இது கம்பெனி தப்பு இல்ல, என் தப்பு," என்றாள். "வியாழக்கிழம எண்ணெய் மாத்துனப்ப புதுசு போடாம பழசையே போட்டு மூடிட்டேன். இந்த வண்டி இன்னிக்கு ஜெயிச்சிருக்கணும்."

 நாகலிங்கம் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பழைய கேஸ்கட்டாக இருக்கலாம், ஆனால் இழுவை போனதற்கு அது மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று கிருஷாந்திக்கும் பட்டது. அவள் கோபப்படாமல், ஓட்டிக் காட்டுகிறேன் என்றாள்.

இருபது நிமிஷத்தில் புதுக் கேஸ்கட் போட்டு, எண்ணெய் நிரப்பி, ஆறு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக முறுக்கி, வண்டியைப் பழையபடி பூட்டினாள். தொழிற்சாலையில் தினமும் பெரிய அளவில் செய்கிற வேலை. கை தானாக ஓடியது. பேரிங்கை வேண்டுமென்றே மாற்றவில்லை. அது இருக்கிறபடியே இருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும். டயரும் அதே டயர்தான். பெட்டரியை மட்டும் மறுபடி சார்ஜ் போட்டிருந்தாள்.

அதற்குள் தூறல் விழுந்து பாதை வழுக்க ஆரம்பித்திருந்தது. விஜிதரன் அவள் பக்கத்தில் வந்து, மண் காய்ந்த பிறகு இன்னொரு நாள் ஓட்டிக் காட்டலாமே என்று மெல்லச் சொன்னார். அவள் தலையை அசைத்துவிட்டு மேடையில் ஏறினாள்.

தனியாக ஒரு வண்டி மட்டும் ஓடும் பாதை வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் மோட்டாரின் சத்தம் தெளிவாகக் கேட்டது. காலையில் அவளுடைய நல்ல சுற்று முப்பத்தொரு செக்கன். இழுவை போன பிறகு முப்பத்தைந்து. இப்போது நிலக்ஷி கீழேயிருந்து ஒவ்வொரு சுற்றையும் கூப்பிட்டுச் சொன்னாள். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. ஏழாவது நிமிஷத்தில் கொட்டகையிலிருந்த எல்லோரும் தூறலில் வெளியே வந்து நின்றார்கள். எட்டாவது நிமிஷத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது நாலு சக்கரமும் மண்ணை இறுகப் பிடித்தன. கிருஷாந்தி அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலில் உணர்ந்தாள். பத்தாவது நிமிஷம் முடியும்போதும் முப்பத்திரண்டுதான்.

இறங்கி வந்ததும் அவள் தன் முடிவைச் சொன்னாள். வாங்கலாம். ஆனால் சக்கரத்துக்கு இரண்டாகப் பின் சக்கரப் பேரிங் நாலையும் முதல் நாளே நல்ல மூடி உள்ளதாக மாற்ற வேண்டும், மோட்டாருக்குக் கீழே மண் மூடி வைக்க வேண்டும், நடு கியர்பொக்ஸை எப்போது திறந்தாலும் புதுக் கேஸ்கட். கடைசியைச் சொல்லும்போது அவள் குரல் தாழவில்லை. ஐந்து வண்டிக்கும் அங்கேயே கை தூக்கினார்கள். நாகலிங்கம் தன்னிடம் அந்த அளவுப் பேரிங் நல்லதாக இருப்பதாகவும் வேண்டுமென்றால் அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும்போது விஜிதரன்தான் வேனை ஓட்டினார். நுவரெலியா டவுன் தாண்டியதும் கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமேம்மா. எல்லார் முன்னாடியும் ஏன்?"

"வண்டியப் பாத்துச் சொல்லச் சொன்னீங்கண்ணே. அதப் பூட்டுன ஆளையும் சேத்துத்தான பாக்கணும்?"

அவர் சிரித்தார். கப் போனது வருத்தம்தான் என்றும், ஆனால் தன் வண்டியைப் பற்றி அவள் அத்தனை பேர் முன்னால் சொன்னதைக் கேட்டது கப் வாங்கியதைவிடப் பெரிதாக இருந்தது என்றும் சொன்னார்.

ஜூன் மாதம் ஐந்து வண்டிகளும் பெட்டிகளில் வந்து இறங்கின. உதிரிகளைப் பார்த்து மலைத்துப்போன சொந்தக்காரர்கள் ஐந்து பேரும், தனித்தனியாக, ஒரே வாரத்தில் கிருஷாந்திக்கு போன் செய்தார்கள். எல்லோரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வரச் சொன்னாள். விஜிதரனின் கடைக்குப் பின்னால் நீள மேசை போட்டு, ஐந்து பேரையும் வரிசையாக உட்கார வைத்து, தங்கள் தங்கள் வண்டியைத் தாங்களே பூட்டும்படி சொன்னாள். அவள் நடந்து நடந்து பார்த்தாள். சாயங்காலம் ஐந்து வண்டியும் சக்கரத்தில் நின்றன.