பொதுப்பால்

மகனைப் புதைத்த அதே வாரத்தில், பன்றிப்பட்டிக்குப் பின்னால் நின்று மாய்கே தன் பாலை மண்ணில் பீச்சிக்கொண்டிருந்தாள். பால் கட்டிய மார்பு காய்ச்சலாகக் கொதித்தது. அங்கேதான் கெர்ப்ராண்ட் அவளைத் தேடிவந்தான். அவன் மனைவி முந்தின நாள் பிரசவத்தில் போய்விட்டாள். கைக்குழந்தை கம்பளிக்குள் அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆட்டுப்பால் கொடுத்துப் பாத்தேன். கக்கிடுது."

மாய்கே மார்பை மூடிக்கொண்டாள். "போயிடு தம்பி. என்னால முடியாது."

ஹாலந்திலிருந்து கப்பலேறும்போதே எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்டிருந்தார்கள்: புதுக் கண்டத்தின் இந்த ஆற்றுமுகத்தில் நிலம் பொது, மாடு பொது, அடுப்பு பொது. எஜமான் கிடையாது, கூலி கிடையாது. கெர்ப்ராண்ட் வந்துபோன அன்று மாலைக் கூட்டத்தில் பெரியவர் ஊபே, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவளிடம் மெதுவாகத்தான் கேட்டார். "பசிக்கிற வாயி ஒண்ணு இருக்கு, மாய்கே. நம்ம பேச்சு உனக்குத் தெரியும்."

"பாலும் பொதுவா, பெரியவரே?"

மூலையில் குழந்தையின் முனகல் கேட்டது. அவள் எழுந்து போய்க் குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அது மார்பைப் பற்றியபோது அவளுக்குச் செத்த மகன்மேல் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. குழந்தை இரண்டையும் பொருட்படுத்தாமல் குடித்தது.

லிஸ்பெத் என்று பெயர் வைத்தவன் கெர்ப்ராண்ட். தவழக் கற்றுக்கொண்டது மாய்கேயின் பாயில். கொசு மொய்க்கும் சதுப்புவெளியில் அவள் புல் அறுக்கையில் முதுகில் தொங்கியபடி அவள் காதைக் கடித்தது. கணவன் யோரிஸ் அதற்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுத்தான். இறந்த மகனைப் பற்றி இருவரும் பேசுவதே நின்றுபோயிற்று.

இரண்டாம் அறுவடையும் உப்புத்தண்ணீரில் அழுகியபோது கெர்ப்ராண்ட் கூட்டத்தில் எழுந்தான். "நான் கிளம்புறேன். நியூ ஆம்ஸ்டர்டாம் பட்டணத்துல என் அக்கா இருக்கா. புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

மாய்கே துள்ளி எழுந்தாள். "உனக்கு வேணும்னப்போ என் பால் பொது. இப்போ புள்ள மட்டும் உன்னுதா? சொல்லுங்க பெரியவரே!"

ஊபே மேசைப்பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார். "பெத்தவன்கிட்டேருந்து பிரிக்கிறதுக்கு நம்மகிட்ட சட்டம் இல்லம்மா."

"அக்கா, இங்க வச்சிருந்தா இதையும் புதைக்கணும்," என்றான் கெர்ப்ராண்ட். அவள் வெளியே பார்த்தாள். போன முறை வந்த காய்ச்சலில் செத்த பிள்ளைகளின் புதைமேடுகள் வாசலிலிருந்தே தெரிந்தன.

படகு கிளம்பும் காலையில், கரையில் கவிழ்ந்து கிடந்த குதிரைலாட நண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் கடைசியாகப் பால் கொடுத்தாள். குழந்தை தூங்கிவிட்டது. இன்னும் வாயெடுக்கவில்லை. கெர்ப்ராண்ட் காத்து நின்றான், அவசரப்படுத்தவில்லை.

"இடது பக்கம் படுக்க வச்சா தூங்க மாட்டா," என்றாள் அவனைப் பார்க்காமல். பிறகு சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டோரம் நுழைத்து, தானே விடுவித்தாள்.

படகு வளைவு தாண்டியபின் யோரிஸ் வந்து தன் மேலங்கியை அவள் தோளில் போட்டான். "எழுந்திரு, மாய்கே. தண்ணி ஏறுது."

அவள் எழவில்லை. அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கடல்நீர் கவிழ்ந்த நண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, இருவர் மடியையும் நனைத்தபடி ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.