பெரட்டில் போட்ட நட்சத்திரம்

பதுளையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலுக்கு அரை நாள் பஸ் ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரும்புக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, கடலுக்கடியில் மூச்சு விடப் பழக்குகிற கடை ஒன்றை ஸரூக் திறந்தார். அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பெயர்ப் பலகையில் ஒரு நீல மீன். அதைப் பார்த்தால் கருவாடு மாதிரி இருக்கும். அதன் தலைக்கு மேலே இருந்த ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் பளபளவென்று மின்னும்.

தோட்டத்து வாலிபர்களுக்குத் தொழில் பழக்குவதாகச் சொல்லி ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் அந்தக் கடையை அமர்த்தியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு, இலவசம். வகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்று பழகுகிறவர்கள் ஆளுக்கொரு தாளில் நட்சத்திரங்களுக்கு நிறம் தீட்டித் தர வேண்டும். ஐந்தும் நிறைந்திருந்தால் அடுத்த வருடமும் ஸரூக்குக்கே வகுப்பு.

லுணுகலைப் பக்கம் கவ்வாத்து வெட்டுகிற சிவஞானம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அவனுடைய மணிக்கட்டு. தேயிலைச் செடியை வெட்டி வெட்டி அது கொழுக்கட்டை போல வீங்கிக் கிடந்தது. வெலிகமக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிற இப்றாஹீம் என்பவர், வகுப்பு முடியும்போது வந்து ஒருவரை வேலைக்கு எடுப்பார் என்றார்கள். கத்தியைக் கீழே வைக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தோட்டத்துக் குளத்தில் நீந்துவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில் போனான்.

முதல் நாளே தாளைக் கொடுத்துவிட்டார்கள். பழக வந்த ஐந்து பேரும் தோட்டத்து ஆட்கள். காலையில் வந்ததும் ஒரு தாளை நீட்டினால் அது அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான்: வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு. பெரட்டுக் களத்தில் விடியும்போதே அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழுந்துவிடும். வேலை குறைந்தால் அரைப் பேர். ஆகவே ஐந்து நட்சத்திரம் என்றால் முழுப் பேர் என்று ஐவரும் குந்தியிருந்து, தாளில் இருந்த எழுத்தை வாசிக்காமலே, தண்ணீரில் கால் நனைக்கும் முன்பே, பொறுப்பாகத் தீட்டி முடித்தார்கள். ஒரு தடவை அவர்களில் ஒருவனான ரமேஸின் பென்சில் மூன்றாவது நட்சத்திரத்தில் முறிந்துவிட்டது.

“அடேய், ஒனக்கு அரைப் பேருதான்டா விழும்!” என்று சிவஞானம் பதறித் தன் பென்சிலைக் கொடுத்தான்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஸரூக் அவர்களைத் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு புதுப் பென்சில் வாங்கி வைத்தார்.

வகுப்பு என்னவோ சுகமாகத்தான் நடந்தது. தங்குவிடுதி ஒன்றின் நீச்சல் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி ஒரு படம் எடுப்பார்கள். தொட்டிக்குள்ளேயே சுற்றி இரண்டு நடை நடப்பார்கள். ஏறி வந்தால் மீன் கட்லட், இஞ்சி போட்ட பிளேன்டீ. “தம்பிமாரே, நீங்க எல்லாம் பொறவி மீனுங்க,” என்பார் ஸரூக். மனிதர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

ஐந்தாவது ஞாயிறு, முகத்தில் மாட்டுகிற கண்ணாடியை வீட்டில் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தான் சிவஞானம். அதன் பெட்டிக்குள் தமிழிலும் அச்சிட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. மனைவி விஜயலெட்சுமி மூன்று வருடத்துக்கு முன்புதான் எழுத்துப் பழகியவள். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் விடமாட்டாள், சவர்க்காரம் சுற்றி வந்த தாளைக்கூட. இதையும் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்தா தண்ணிக்குள்ளயே வச்சு வெளியாக்கணும்னு போட்டிருக்கு. ஏங்க, ஒங்களுக்குத் தெரியுமா?”

“அதெல்லாம் கடலுக்குப் போனாத் தானா வரும் புள்ள.”

“தானா வர்றதுக்கு அது என்ன தும்மலா?” வகுப்பில் மிஞ்சியதென்று அவன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த வெற்றுத் தாளையும் உருவினாள். “‘இன்றைய பயிற்சி எப்படி இருந்தது?’ இதுக்கு நீங்க என்ன போட்டீங்க?”

“அது பேர் போடுற தாளு. காலையிலயே அஞ்சும் போட்டுருவோம்.”

விஜயலெட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “கொழுந்த நிறுக்காமலே கிலோ எழுதுறவன நம்ம ஊர்ல என்னான்னு ஏசுவோம்? அத அஞ்சு வாரமா நீங்களே செஞ்சிருக்கீங்க! இத நம்பி அந்த இப்றாஹீமு ஒங்கள அறுபதடி ஆழத்துல எறக்குவாரு. நான் இங்க நின்னு வெலிகமப் பக்கம் பாத்து அழுகணுமா?”

சிவஞானம் கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

மறுநாள் வேலை முடிந்ததும் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பினாள். கண்ணாடியை மாட்டி, உள்ளே தண்ணீர் விட்டு, அவன் தலையைப் பிடித்து அமுக்கினாள். இருமிக்கொண்டு எழும்பினான். “மேல் விளிம்ப நெத்தியோட அழுத்து. மொகத்தத் தூக்கு. மூக்கால ஊது,” என்று காகிதத்தைப் பார்த்து வாசித்துவிட்டு மறுபடி அமுக்கினாள். அவளுக்கு நீச்சல் ஒரு முழமும் தெரியாது. அதனால் இரக்கமும் தெரியவில்லை.

குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுக் கருப்பம்மா நின்று பார்த்தாள். “என்னடி, புருசன ஊறப் போட்டுட்டியா?”

“ஆமாக்கா, அழுக்கு எறங்க மாட்டேங்குது.”

லயத்து வரிசை வீடுகளே கூடிச் சிரித்தன. செவ்வாய் பீப்பாய்த் தண்ணீரில் பாதி அவன் வயிற்றில். புதன்கிழமை இருமல். வியாழன் மூன்றுக்கு ஒன்று சரியாக வந்தது. சனிக்கிழமை பத்துக்குப் பத்து. அப்போதும் அவள் வாயிலிருந்து ஒரு “நல்லது” விழவில்லை. “கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு செய்யுங்க,” என்றுதான் சொன்னாள்.

ஆறாவது ஞாயிறு இப்றாஹீம் வந்தார். வெயிலில் கருகிய குட்டை மனிதர். ஸரூக் அவர் மடியில் ஒரு கட்டுத் தாளை வைத்தார்.

“இருபத்தஞ்சு தாள், நூத்திருபத்தஞ்சு நட்சத்திரம். ஒண்ணு கொறையாது, இப்றாஹீம் நானா. யார வேணும்னாலும் கூட்டிப் போங்க.”

இப்றாஹீம் தாள்களைப் புரட்டினார். “கடலுக்குப் போற பயிற்சியில ஒருத்தனுக்கும் ஒருநாளும் ஒரு பயமும் வரல்லயா? அதுதான் எனக்குப் பயமா இரிக்கி.” தலையை நிமிர்த்தி ஐவரையும் பார்த்தார். “சொல்லுங்க மகன், இது மெய்தானா?”

மற்ற நால்வரும் பெரட்டுக் களத்தில் தொரை கேட்டது போலத் தலையாட்டினார்கள். சிவஞானத்தின் தலையும் பாதி ஆடிவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போகும், கத்திதான் மறுபடியும். திறக்காவிட்டால் வேலை கிடைக்கும், மூச்சு போகும்.

“அது காலையில போட்டதுங்க,” என்றான்.

“என்ன?”

“தண்ணியில எறங்குறதுக்கு முன்னுக்கே போட்டதுங்க. பேர் போடுறதுன்னு நெனச்சுப் போட்டோம். இங்க எங்களுக்கு நடக்கத்தான் பழக்கினாங்க.”

ஸரூக்கின் கையிலிருந்த கட்லட் தட்டு சாய்ந்தது. இப்றாஹீம் தாள் கட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், “சிலிண்டரக் கட்டிட்டு எல்லாரும் எறங்குங்க,” என்றார்.

அவரும் கூட இறங்கினார். காற்றுக் குழாயை வாயில் கவ்வித் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ரமேஸ் அம்பு போல மேலே வந்தான். மற்ற மூவரும் அவனுக்குப் பின்னால். சிவஞானம் மட்டும் அடியிலேயே இருந்தான். கண்ணாடியை மாட்டி, விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைத் தூக்கி ஊதினான். தண்ணீர் இறங்கி, கண் தெளிந்து, எதிரே இப்றாஹீமின் முழங்கால் தெரிந்தது.

மேலே வந்ததும் அவர் கேட்டார். “இது யாரு பழக்கின?”

“எங்க வீட்டுக்காரி. தண்ணிப் பீப்பாயில.”

“அவங்க கடலுக்குப் போற ஆளா?”

“கொழுந்து எடுக்குறவங்க.”

“நல்லாத்தான் பழக்கியிருக்காங்க. ஆனா நீ மூச்சப் பிடிச்சுக்கிட்டு செஞ்சாய். முதுகுல காத்து இருக்கிற நேரம் மூச்சப் பிடிச்சிட்டு மேல வந்தா நெஞ்சு கிழியும். அது தெரியுமா?”

சிவஞானம் ஸரூக்கைப் பார்த்தான். ஸரூக் தரையில் விழுந்த கட்லட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னு சொல்ல ஒனக்குத் தெரியுதே. ரெண்டு மாசம் என்னோட கரையோரத்துல பழகு. பொறகுதான் ஆழம். நான் ஏசுவேன் மகன், கட்லட் தரமாட்டேன். வெள்ளக்காரங்க எங்கட கடைக்கு ரெண்டு நட்சத்திரத்துக்கு மேல போட்டதில்ல. ஆனா ஒருத்தனும் சாகல்ல.”

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றி அவர் கையிலேயே வைத்தான்.

“இன்னொரு தடவ பிடுங்குங்க. இந்த வாட்டி மூச்சப் பிடிக்காமச் செஞ்சு பாக்குறேன்.”

“கண்ணாடி ஒன்ட மூஞ்சியில இல்லாம நான் எப்பிடிடா பிடுங்குற, மடையா? மாட்டு!”

இப்றாஹீம் ஏச ஆரம்பித்துவிட்டார். சிவஞானம் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.